செப்பிலிருந்து அட்டைக்கு: திண்டுக்கல் சமவெளியில் பொம்மை வீட்டுச் சாமான்

பொம்மைகளுக்கென்று சிறிய அளவில் வீட்டுச் சாமான் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் நாற்காலியிலிருந்து தொடங்கவில்லை; அடுப்பங்கரையிலிருந்து தொடங்கியது. அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, அடுப்பு, குடம், முறம் என்று அமைந்த செப்புச் சாமான்தான் நெடுங்காலம் குழந்தைகளின் கையில் இருந்தது. காரணம் எளிது. பெரியவர்கள் வீட்டிலேயே உட்காரத் திண்ணையும் பாயும் மணையும்தான். வசதி உள்ளவர்கள் வீட்டில் ஊஞ்சலும் கட்டிலும் இருக்கும். அதற்கு மேல் இருக்கை என்று சொல்ல எதுவும் இல்லை. பெரிய வீட்டில் இல்லாத மேஜை நாற்காலி பொம்மை வீட்டுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

சிறு உருவில் பொருள் செய்து விளையாடுவது மிகப் பழையது. தச்சர் வீட்டுச் சிறுவர்களும் ஆசைப்படும் அளவுக்கு நேர்த்தியாகச் செய்த சிறுதேரைப் பிள்ளைகள் உருட்டி விளையாடியதைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. மணலில் சிற்றில் கட்டும் சிறுமியரை ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் பாடியிருக்கிறார். பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் தனிப் பருவமாகவே நிலைத்துவிட்டது. தேருக்கு மரம், வீட்டுக்கு மணல். இரண்டுமே ஊரில் சும்மா கிடைத்தவை. விளையாட்டுச் சாமானின் வரலாறு முழுவதும் இந்தப் போக்கில்தான் செல்கிறது: ஓர் ஊரில் எந்தத் தொழில் நடக்கிறதோ, அதன் கழிவே அவ்வூர்ப் பொம்மைகளின் உடைமை ஆகிறது.

திண்டுக்கல் சமவெளியில் பனையும் களிமண்ணும் அப்படிக் கிடைத்தன. பனையோலையில் கிலுகிலுப்பையும் சிறு பெட்டியும் முடைந்தார்கள். குயவர் சூளையில் பெரிய பானைகளுக்கு இடையே சின்னச் சட்டிகளும் வெந்தன. கடைசலில் திரட்டி அரக்குச் சாயம் ஏற்றிய மரச்செப்புக்கு அம்பாசமுத்திரம் பெயர் பெற்றது. ஆனால் அது விலை கொடுத்து வாங்கும் பொருள். செலவில்லாமல் காகிதத்தைப் பயன்படுத்தும் முறை ஒன்றும் தமிழ்நாட்டு வீடுகளில் இருந்தது. பழைய காகிதத்தை ஊற வைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, அந்தக் கூழைப் பானையின் மேல் அப்பிக் காயவிட்டுக் கூடையாக எடுப்பார்கள். முறத்தின் இடுக்குகளை அடைப்பதற்கும் அதே கூழ்தான். காகிதக் கழிவை உறுதியான பொருளாக்கும் நுட்பம், அட்டைப் பெட்டி வருவதற்கு முன்பே பெண்களின் கையில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

1792-இல் திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் போனது. கச்சேரி, பள்ளிக்கூடம், பின்னர் 1870-களில் ரயில் நிலையம் என ஒவ்வொன்றாக நாற்காலியும் மேஜையும் ஊருக்குள் நுழைந்தன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டுக்கல் சுருட்டு வெளிநாடுகளுக்குச் சென்றது; சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் இங்கே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. சரக்கைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் பழக்கம் இப்படித்தான் ஊரில் வேரூன்றியது. ஆனால் அந்தக் காலத்துப் பெட்டி பெரும்பாலும் மரப்பெட்டி. அலைபோல் நெளிந்த தாளை உள்ளே கொண்ட நெளிவு அட்டை அப்போது மேல்நாட்டிலேயே புதிது. 1856-இல் இங்கிலாந்தில் தொப்பிக்கு உள் விளிம்பாக அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. 1871-இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ், கண்ணாடிப் புட்டிகளையும் விளக்குக் கூண்டுகளையும் சுற்றிக் காக்க அதைப் பயன்படுத்தினார். மடித்தால் பெட்டியாகும்படி முன்கூட்டியே வெட்டி மடிப்புக் கோடு இட்ட அட்டை, ராபர்ட் கெயர் என்பவரின் புரூக்ளின் ஆலையிலிருந்து வந்தது. இன்று ஒரு குழந்தை அட்டையைக் கீறி மடித்து நாற்காலி செய்யும்போது கெயரின் முறையைத்தான் கையாளுகிறது.

தமிழ்நாட்டில் பொம்மைக்கு முதலில் மேஜையும் அலமாரியும் தந்தது நெளிவு அட்டை அல்ல, தீப்பெட்டி. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். சில பத்தாண்டுகளில் காலித் தீப்பெட்டி இல்லாத வீடே இல்லை என்றாயிற்று. ஆறு பெட்டிகளை இரண்டு வரிசையாக ஒட்டி, உள்தட்டுகளில் சட்டைப் பொத்தான் வைத்துத் தைத்தால் இழுப்பறை உள்ள அலமாரி. நான்கைப் படுக்கை வசத்தில் வைத்து இரண்டை முதுகாக நிறுத்தினால் சோபா. ஒரே அளவில் ஓயாமல் கிடைக்கும் கழிவுப் பொருள் வேறு எதுவும் அப்போது இல்லை. அந்தச் சீரான அளவுதான் தீப்பெட்டியின் பெரும் பலம்.

பள்ளிக்கூடம் இந்த விளையாட்டைப் பாடமாக்கியது. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியாகவே கணக்கும் மொழியும் கற்க வேண்டும் என்றது. நூற்பு, விவசாயம் ஆகியவற்றுடன் அட்டை வேலையும் மரவேலையும் அதில் இடம்பெற்றன. 1947-இல் சின்னாளபட்டிக்கு அருகே டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம், இந்தக் கல்வி முறையைத் திண்டுக்கல் சமவெளிக்குக் கொண்டு வந்தது. அங்கே 1956-இல் கிராமியக் கல்வி நிறுவனமும் உருவானது. ஆதாரக் கல்வி பின்னர் மங்கிப்போனாலும், 'கைவேலை' வகுப்பு தொடக்கப் பள்ளிகளில் தங்கிவிட்டது. மதிப்பெண் இல்லாத வகுப்பு என்று ஏளனமாகப் பார்க்கப்பட்டாலும், அளந்து வெட்டுவதற்குப் பலருக்கும் முதல் பயிற்சி அங்கேதான் கிடைத்தது.

வீட்டில் இதற்கு வாய்ப்பளித்தது நவராத்திரிக் கொலு. திண்டுக்கல்லை அடுத்த நொச்சியோடைப்பட்டியிலும் மதுரைப் பக்கம் விளாச்சேரியிலும் செய்யப்படும் மண்பொம்மைகள் படிகளில் ஏறும். படிகளுக்கு முன்னால் தரையில் பூங்கா, கடைத்தெரு, கல்யாண வீடு என்று சிற்றூர் ஒன்று எழும். பொம்மையை வாங்கலாம், அந்தச் சிற்றூரைச் செய்துதான் ஆக வேண்டும். முளைவிட்ட கேழ்வரகு புல்வெளியாகும், சாயம் தோய்த்த மரத்தூள் பாதையாகும். செட்டியார் பொம்மையின் கடைப்பலகை, மணமக்களின் ஊஞ்சல், கச்சேரி மேடை எல்லாம் அட்டையில். பிற்காலத்தில் தெர்மாகோல் வந்து கொஞ்சம் இடம் பிடித்தது. வெட்ட எளிது என்பதைத் தவிர அதற்குச் சிறப்பு இல்லை.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேடசந்தூர் வட்டாரத்தில் பெருகிய நூற்பாலைகள் புதிய கழிவைக் கொண்டுவந்தன. நூல் சுற்றும் காகிதக் கோன் அடி அகன்று நுனி குறுகியது. அடியில் வெட்டினால் முக்காலி, முழுதாக நிறுத்தினால் மண்டபத் தூண். அதை அடைத்து அனுப்பும் நெளிவு அட்டைப் பெட்டியும், சின்னாளபட்டிச் சேலைக் கடையில் தரும் மெல்லிய அட்டையும் சேர்ந்தால் ஒரு பொம்மை வீட்டுக்கு வேண்டியது எல்லாம் தயார்.

வேலைமுறையில் பசைதான் அதிகம் மாறியது. முன்பு மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்ப்பார்கள். புளியங்கொட்டைப் பசையும் உண்டு. துத்தம் நஞ்சு என்பதால் குழந்தைகளை அந்தப் பசையிடம் விடுவதில்லை. 1959-இல் ஃபெவிகால் வந்த பிறகு காய்ச்சும் வேலை போயிற்று. அட்டையின் குணமோ மாறவில்லை. நெளிவு ஓடும் திசையில் அது விறைப்பாக நிற்கும், குறுக்கே எளிதில் வளையும். ஆகவே நாற்காலிக் காலுக்கு நெளிவு மேலும் கீழுமாக ஓட வேண்டும். சாய்வு நாற்காலியின் வளைந்த முதுகுக்கு நெளிவு பக்கவாட்டில் கிடக்க வேண்டும். மடிக்கும் இடத்தில் ஒரு பக்கத் தாளை மட்டும் மழுங்கிய கத்தியால் அழுத்திக் கோடிட்டால் விளிம்பு பிளக்காது. இந்தியப் பெட்டி அட்டையில் பெரும்பகுதி பழைய காகிதத்தையே கூழாக்கிச் செய்வது; ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகி வலு குறையும், மழைக்காலத்தில் சீக்கிரம் தொய்யும். அதனால் கட்டிலுக்கும் ஊஞ்சல் பலகைக்கும் இரண்டு துண்டுகளை நெளிவு குறுக்குமறுக்காக அமையும்படி ஒட்டி, மேலே செய்தித்தாளைப் பசையில் தோய்த்துப் போர்த்தி, வெயிலில் காய்ந்த பின்பே வண்ணம் பூசுகிறார்கள்.