குடமும் லிட்டரும்: திருவனந்தபுரத்து வீட்டு நீர்ப் புழக்கமும் வறட்சிக் காலச் சொற்களும்

திருவனந்தபுரம் மழைக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பது பரவலான எண்ணம். கேரளத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். தென்கோடியில் இவ்வளவு சற்றுக் குறையினும், இடவப்பாதி, துலாவர்ஷம் ஆகிய இரு மழைகளையும் பெறும் பேறு இந்நகருக்கு உண்டு. 2016ஆம் ஆண்டில் இவ்விரண்டும் பொய்த்தன. மாநில அளவில் தென்மேற்குப் பருவமழை 34 விழுக்காடும் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடும் குறைந்தன. 2016 அக்டோபர் 31 அன்று 14 மாவட்டங்களும் வறட்சிக்குட்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. 2017 கோடையில் பேப்பாறை அணையின் நீர்மட்டம் தாழ்ந்தபோது நகரின் குழாய்நீர் வழங்கல் கட்டுப்படுத்தப்பட்டது. நெய்யாற்று அணையின் நீரை இறைத்து அருவிக்கரைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வீடுகளில் நீரைக் குறைத்துப் புழங்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். இவ்வேண்டுகோள் எந்த அளவைச் சொல்லால் சென்றடைகிறது, அச்சொல்லுக்கும் புழங்குவோர் கைக்கும் இடையே என்ன நேர்ந்தது என்பவற்றை இந்நகரின் நீர் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொட்டியும் தொட்டியும்

கோட்டைப் பகுதியை அடுத்துள்ள ஸ்ரீவராகம், வராகமூர்த்தி கோயிலையும் அதன் பரந்த குளத்தையும் கொண்டு பெயர்பெற்ற பகுதியாகும். கோட்டை, கரமனை, வலியசாலை ஆகிய இடங்களில் தமிழர் அக்கிரகாரங்கள் அமைந்தமையால், தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் சூழல் இப்பகுதிகளில் நெடுங்காலமாக நிலவுகிறது. நீராடவும் துவைக்கவும் குளம், உண்ணவும் சமைக்கவும் கிணறு என்ற பகுப்பே பழைய முறை. கயிறும் கப்பியும் கொண்டு கிணற்று நீர் இறைக்கப்பட்டது. கமுகம்பாளையால் ஆன இறைகலமும் வழக்கில் இருந்தது. இறைகலத்தை மலையாளம் ‘தொட்டி’ என்கிறது. தமிழில் தொட்டி என்பது நீரைத் தேக்கி வைக்கும் இடம். ஒரே வடிவம், ஒரு மொழியில் கையால் தூக்கப்படுவது, மற்றொன்றில் அசையாமல் நிற்பது.

மொழிபெயர்ப்பாளரை இடறச் செய்யும் இச்சொல் இணை, நகரின் நீர் வரலாற்றையே சுருக்கிக் காட்டுகிறது எனலாம். 1933இல் அன்றைய வைசிராயின் பெயரால் வில்லிங்டன் நீர்வழங்கல் திட்டம் தொடங்கப்பெற்றது. கரமனையாற்று நீர் அருவிக்கரையிலிருந்து நகருக்குக் குழாய்வழி வந்தது. 1983இல் அதே ஆற்றின் மேற்பகுதியில் பேப்பாறை அணை எழுந்தது. 1984இல் கேரள நீர் ஆணையம் அமைந்தது. மின்னிறைப்பியும் மாடித்தொட்டியும் வீடுதோறும் பரவியபின், மலையாளத் தொட்டியின் இடத்தைத் தமிழ்த் தொட்டி பிடித்தது. இறைத்தவர் ஒவ்வொரு முறையும் நீரின் எடையைத் தோளில் உணர்ந்தார். குழாயைத் திறப்பவர் உணர்வதில்லை. சிக்கனத்தை முன்பு வற்புறுத்தியது அறிவுரை அன்று. உடலின் களைப்பே ஆகும்.

வெள்ளமும் தண்ணீரும்

மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்பது நீருக்குரிய பொதுச்சொல். தமிழில் அது பெருக்கு. பேரெண் ஒன்றின் பெயருமாகும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த கன்னியாகுமரி வட்டார வழக்கில் மட்டும் ‘வெள்ளம்’ நீரைக் குறிப்பதுண்டு. இதனால் ‘வெள்ளம் இல்லை’ என்னும் மலையாளத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழில் அது நற்செய்தியாகிவிடும். இதற்கு மாறாக, வறட்சியைக் குறிக்கும் மலையாள ‘வரள்ச்ச’யும் தமிழ் ‘வறட்சி’யும் ஒரே வேரின, இரு மொழியாருக்கும் ஒரே பொருளைத் தருவன. நீருக்கு வேறு சொற்கள் வழங்கினும் நீரின்மைக்கு ஒரே சொல் என்பது கருதத்தக்கது.

இரு மொழிகளும் ஒன்றுபடும் மற்றோர் இடமும் உண்டு. பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தல் என்பது இரண்டிலும் உள்ள வழக்கு. அளவின்றிச் செலவிடத்தக்க பொருளுக்கு நீரையே உவமையாக்கிய மொழியில், நீரைப் பணம்போல் எண்ணிச் செலவிடுக என்று கூறுவது உவமையைத் தலைகீழாக்குவதாகும். வேண்டுகோள்கள் எளிதில் மனத்தில் தைக்காமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஒன்பது குடம்

கழிவுநீர்க் குழாய் வசதி கொண்ட நகரங்களில் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வழங்கும் நெறியளவு. குளிக்க 55, கழிப்பறைக்கு 30, துணி துவைக்க 20, வீடு கழுவ 10, பாத்திரம் துலக்க 10, சமைக்க 5, பருக 5 என்று அது பகுக்கப்படுவதுண்டு. இவ்வெண்கள் பொறியாளருக்குத் தெளிவானவை. வீட்டாருக்கு அத்துணைத் தெளிவானவை அல்ல. 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால் 135 லிட்டர் என்பது ஒன்பது குடம். அதில் குளியலுக்கு நான்கு குடத்துக்குச் சற்றுக் குறைவு. கழிப்பறைக்கு இரண்டு குடம். பருகவும் சமைக்கவும் சேர்த்து முக்கால் குடம்கூட இல்லை. எங்கே குறைக்க வேண்டும் என்பதை இம்மொழிபெயர்ப்பு ஒரு பார்வையில் உணர்த்துகிறது. அடுக்களையில் மிச்சம் பிடிப்பதால் ஆவது சிறிது; குளியலறையிலும் கழிப்பறையிலும்தான் ஐந்தரைக் குடத்துக்கு மேல் செலவாகிறது. தூவல் குழாயை விடுத்து வாளியும் செம்பும் கொள்வதும், கழிப்பறைக் கலத்தின் கொள்ளளவைக் குறைப்பதும் மெய்யான சிக்கனமாவது இதனாலேயே.

2018 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் ஆளொருவருக்கு 50 லிட்டர் என வரம்பு விதித்தது; மூன்று குடமும் ஐந்து லிட்டரும். 2019இல் சென்னையின் ஏரிகள் வற்றியபோது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. செய்திகள் அதனை லட்சம் லிட்டர்களில் கூறின. லாரிக்குக் காத்திருந்த பெண்கள் குடங்களிலேயே கணக்கிட்டனர். அளவைச் சொல்லின் வேறுபாடு இங்கே வாழ்நிலையின் வேறுபாடாகவும் அமைகிறது. தெருக்குழாயையும் லாரியையும் நம்புவோர் வறட்சி இல்லாத நாளிலும் குடத்தால் எண்ணுபவர். அவர் குறைப்பதற்கு மிகுதி ஏதுமில்லை. ‘அனைவரும் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துக’ என்னும் பொது வாக்கியம் மூன்று குடத்தில் வாழ்பவரையும் பதினைந்து குடம் செலவிடுபவரையும் ஒன்றாக விளிக்கிறது. இலக்கணப் பிழையற்ற அவ்வாக்கியம் பொருளளவில் நேர்மையானதன்று.

மறுபுழக்கச் சொற்கள்

ஒருமுறை புழங்கிய நீருக்கும் பெயரிட்டு வைத்த மொழி, அதனைக் கழிவாகக் கருதவில்லை. அரிசி களைந்த நீர் ‘கழுநீர்’, மாட்டுக்கு உரியது. மலையாளத்தில் அதுவே ‘காடி’. தமிழில் காடி என்பது புளித்த கஞ்சியையும் புளிங்காடியையும் குறிக்கும். சோறு வடித்த கஞ்சி துணிக்கு ஏறியது. பாத்திரம் துலக்கிய நீர் கொல்லை வாழைக்குப் பாய்ந்தது. மூக்குள்ள ‘கிண்டி’ மெல்லிய தாரையாக நீர் வார்ப்பது; கைகால் கழுவச் சிறிதளவே போதும் என்பதை அக்கலத்தின் வடிவமே காட்டும். மாடும் கொல்லையும் நகர வீட்டைவிட்டு அகன்றபின் இந்நீர்கள் யாவும் ‘கழிவுநீர்’ என்னும் ஒரே சொல்லில் அடங்கின. பல பெயர்கள் ஒன்றாகியபோது பல பயன்களும் மறைந்தன. ‘சாம்பல்நிற நீர்’ என்று இன்று அயன்மொழியிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஆளப்படும் கலைச்சொல், கழுநீர் என்ற சொல் அறிந்த மொழிக்கு ஓர் இரவலே ஆகும். ‘புழங்கிய நீர்’ என்றாலே பொருள் விளங்கும்.

முடிவு

வறட்சிக் கால அறிவிப்புகளை மொழிபெயர்ப்போர் எண்ணை மட்டும் பெயர்த்தால் போதாது; அளவையையும் பெயர்த்தல் வேண்டும். லிட்டருடன் குடத்தையும், கழிவுநீருடன் கழுநீரையும் சேர்த்துக் கூறும் அறிவிப்பு, எதைக் குறைப்பது என்பதோடு யார் குறைப்பது என்பதையும் தெளிவாக்கும். திருவனந்தபுரத்தில் குளமும் கிணறும் வழங்கிய அளவுணர்வைக் குழாய் வழங்கவில்லை. 2017இன் கோடையில் குழாய் ஓய்ந்த நாட்களுக்கென நீரைப் பிடித்து வைக்க வேண்டியிருந்தபோது, குடமும் அண்டாவும் வாளியும் மீண்டும் அளவைகளாயின. மக்கள் மறவாத அந்த அளவையை அறிவிப்புகளின் மொழியும் மறவாதிருத்தல் வேண்டும்.