தோப்பி

தோப்பி என்பது சங்க காலத் தமிழர் தம் இல்லங்களில் அரிசியைக் கொண்டு வடித்த ஒருவகை மது ஆகும். தென்னை, பனை ஆகிய மரங்களிலிருந்து இறக்கப்படும் கள்ளிலிருந்து இது வேறுபட்டது. தானியத்திலிருந்து செய்யப்படுவதால், தொழில்நுட்ப அடிப்படையில் இதனைப் பியர் வகையைச் சேர்ந்த பானமாகக் கொள்ளலாம். இம்முறையில் மது வடித்தல் பற்றிய விரிவான விளக்கம், காஞ்சிக்குச் செல்லும் வழியைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் காணப்படுகிறது.

இலக்கியச் சான்றுகள்

பெரும்பாணாற்றுப்படை பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று. 500 அடிகளைக் கொண்ட இந்நூலைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றினார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் இதன் பாட்டுடைத் தலைவன். இன்றைய காஞ்சிபுரமும் அதனை அடுத்த ஏனாத்தூர் போன்ற ஊர்களும் பண்டைய தொண்டை நாட்டின் மையப்பகுதியில் அமைந்தவை.

இந்நூலில் மறவர் குடியிருப்பைக் கூறும் இடத்தில் தோப்பி என்ற சொல் வருகிறது. அங்கு அது வீட்டில் சமைத்த இனிய மதுவாகச் சுட்டப்படுகிறது. உரையில் இதற்கு நெல்லால் செய்த கள் என்று பொருள் கூறப்படுகிறது. அகநானூற்றின் 35 ஆம் பாடலில், நடுகல்லுக்குப் படைக்கும் பொருள்களுள் ஒன்றாகத் தோப்பி இடம்பெறுகிறது.

மது வடிக்கும் முறை, பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைப் பற்றிய வேறொரு பகுதியில் உள்ளது. அங்குத் தோப்பி என்ற பெயர் இல்லை. பிழி என்ற பெயரே உள்ளது. இரண்டும் அரிசியிலிருந்து செய்யப்படுவதால் ஒரே வகையின என்று கொள்ள இடமுண்டு. நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889 இல் பதிப்பித்த பின்னரே இச்செய்திகள் பரவலாக அறியப்பட்டன.

செய்முறை

வலைஞர் பகுதியில் கூறப்படும் முறையின் படிகள் பின்வருமாறு:

1. குற்றித் தீட்டப்படாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்தல்.
2. அக்களியை அகன்ற வாயுடைய பிழா என்னும் தட்டில் இட்டு ஆற்றுதல்.
3. நல்லடை எனப்படும் முளையை இடித்து அதனுடன் கலத்தல். இதன் தோற்றம் புற்றின் உள்ளே காணப்படும் குரும்பிக்கு ஒப்பிடப்படுகிறது.
4. இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருத்தல்.
5. உறுதியான வாயுடைய சாடியில் நன்கு விளைந்த பின், விரலால் அலைத்துப் பிழிந்து எடுத்தல்.

இவ்வாறு பெறப்பட்ட மது, சுட்ட மீனுடன் விருந்தினருக்கு வழங்கப்பட்டது.

அறிவியல் விளக்கம்

ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை மட்டுமே சாராயமாக மாற்றவல்லது. மாவுப்பொருளை அதனால் நேரடியாக நொதிக்கச் செய்ய இயலாது. பனஞ்சாற்றிலும் திராட்சைச் சாற்றிலும் சர்க்கரை இயல்பாகவே உள்ளது. ஆகவே கள், தொழில்நுட்ப நோக்கில் பியரைக் காட்டிலும் திராட்சை மதுவுக்கே நெருக்கமானது. தானியத்தில் இருப்பதோ மாவுப்பொருள். அதனை முதலில் சர்க்கரையாக மாற்றவேண்டும். விதை முளைக்கும்போது உண்டாகும் அமைலேசு என்ற நொதியம் இப்பணியைச் செய்கிறது.

அரிசியின் மாவுப்பொருள் நன்கு வெந்து இளகினால்தான் நொதியம் அதன்மேல் எளிதாகச் செயற்படும். ஆனால் கொதிக்கும் சூட்டில் நொதியம் அழிந்துவிடும். எனவே அரிசியை முதலில் வேகவைத்து, பின்பு ஆற்றி, அதன் பிறகே முளையைச் சேர்த்தல் வேண்டும். பெரும்பாணாற்றுப்படை கூறும் வரிசை இதற்கு முற்றிலும் பொருந்துகிறது. இன்று அரிசியையும் சேர்த்துப் பியர் வடிக்கும் ஆலைகளிலும் அரிசி தனியே வேகவைக்கப்பட்டு, பின்னரே முளைகட்டிய பார்லிக் கூழுடன் சேர்க்கப்படுகிறது.

பிற நாட்டு மரபுகளுடன் ஒப்பீடு

மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் வழியைக் கொண்டு உலகின் தானிய மதுக்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

* முளை வழி: பண்டைய மெசபொத்தேமியா, எகிப்து ஆகிய நாடுகளிலும் பின்னர் ஐரோப்பாவிலும் பார்லி முளை பயன்பட்டது. பவேரியாவில் 1516 இல் வெளியிடப்பட்ட தூய்மை ஆணை, பியரில் நீர், பார்லி, ஹாப்ஸ் ஆகியவற்றை மட்டுமே அனுமதித்தது. பொகீமியாவின் பில்சென் நகரில் 1842 இல் உருவான வெளிர்நிற லாகர், இன்று உலகெங்கும் விற்கப்படும் பியர்களுக்கு முன்மாதிரியாயிற்று. தென்னாப்பிரிக்காவின் உம்கோம்போத்தி, சோள முளையையும் மக்காச்சோளத்தையும் கொண்டு செய்யப்படுகிறது.
* பூஞ்சை வழி: சப்பானின் சாக்கே மதுவில், வேகவைத்த அரிசியின்மேல் கோஜி என்னும் பூஞ்சை வளர்க்கப்படுகிறது. தோப்பிக்கு மாறாக, சாக்கேக்கு நன்கு தீட்டிய அரிசியே வேண்டும். சார்க்கண்டு, ஒடிசா மாநிலப் பழங்குடியினரின் ஹண்டியாவும் இவ்வகையினதே. மூலிகைகள் சேர்த்த ரானு என்னும் உருண்டை அதற்கு உறையாகிறது.
* உமிழ்நீர் வழி: தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைப்பகுதியில் மக்காச்சோளத்தை மென்று உமிழ்ந்து சிச்சா செய்யும் பழக்கம் இருந்தது. உமிழ்நீரிலும் அமைலேசு உள்ளது. முளைகட்டிய மக்காச்சோளத்தைக் கொண்டும் சிச்சா செய்யப்படுகிறது.

ஆசியாவின் அரிசி மதுக்களுள் பெரும்பாலானவை பூஞ்சை வழியைச் சேர்ந்தவை. தோப்பியோ முளை வழியைச் சேர்ந்தது. இவ்வகையில் அதற்கு நெருங்கிய ஒப்புமை நாகாலாந்தில் உள்ளது. அங்கு அங்காமி நாகர் செய்யும் சூத்தோ என்னும் அரிசி மதுவுக்கு முளைகட்டிய நெல்லே உறையாகச் சேர்க்கப்படுகிறது.

வழக்கொழிவும் மதுவிலக்கும்

வடகிழக்கு மாநிலங்களில் அரிசி மது இன்றும் விழாக்களிலும் சடங்குகளிலும் இடம்பெறுகிறது. அசாமின் திமாசா மக்களுடைய ஜூதிமா 2021 இல் புவிசார் குறியீடு பெற்றது. தமிழகத்தில் அரிசி மது வடிக்கும் மரபு மறைந்து, மரக்கள்ளே நிலைத்தது. கள்ளுண்ணாமையைத் திருக்குறள் ஒரு தனி அதிகாரமாக வைத்தமையால், மது பற்றிய இருவேறு பார்வைகளும் பழந்தமிழ் இலக்கியத்திலேயே உள்ளன.

சென்னை மாகாணத்தில் 1937 இல் இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948 இல் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971 இல் தளர்த்தப்பட்டு, 1974 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்து, 1981 இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 1987 இல் கள் இறக்கவும் விற்கவும் தடை விதிக்கப்பட்டது. 1983 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 2003 முதல் சில்லறை மது விற்பனையையும் மேற்கொள்கிறது.

இதன் விளைவாக, ஐரோப்பிய மரபில் வந்த பார்லிப் பியர் அரசு கடைகளில் விற்கப்பட, உள்ளூர் மரபுப் பானமான கள் தடைக்கு உட்பட்டுள்ளது. இதனை நீக்கவேண்டும் என்று தென்னை, பனை விவசாயிகள் கோரி வருகின்றனர். கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கு அனுமதி இருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். கலப்படத்தைத் தடுப்பது கடினம் என்பதும், மலிவான மது ஏழைக் குடும்பங்களைப் பாதிக்கும் என்பதும் தடையை ஆதரிப்போரின் வாதங்கள். தோப்பிக்காக வாதிட இன்று எவரும் இல்லை. அதன் செய்முறை, காஞ்சிக்கு வழிகாட்டும் ஒரு பாட்டின் சில அடிகளில் மட்டுமே எஞ்சியுள்ளது.

இவற்றையும் பார்க்க

* கள்
* நொதித்தல்
* பெரும்பாணாற்றுப்படை
* தமிழகத்தில் மதுவிலக்கு