மசக்கையும் மருந்தும்

மத்திய அந்தமானின் கிழக்குக் கரையை அடுத்து அமைந்துள்ள ஊர் ரங்கத். நாடு பிரிவினையுற்ற பின்னர்க் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய மக்களோடு, பிழைப்பை நாடிக் கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் அங்கே வாழ்ந்து வருகின்றன. கடைவீதியில் நின்றால் வங்க மொழியோடும் இந்தியோடும் கலந்து தமிழோசையும் காதில் விழும். அவ்வூரில் சமுதாய நல மருத்துவமனை ஒன்று உண்டு. ஆனால் தீவுகளின் தலைமை மருத்துவமனையோ சுமார் 170 கிலோமீட்டர் தெற்கே, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரில் இருக்கிறது. இடையே ஜாரவா மக்களின் காப்புக்காடு. அதன் ஊடே குறித்த நேரங்களில் மட்டுமே வண்டிகள் அணியாகச் செல்லலாம். கடற்கால் ஒன்றைப் படகில் ஏறிக் கடக்கவும் வேண்டும்.

இத்தகையதோர் ஊரிலே, முதன்முறையாகக் கருவுற்ற தமிழ்ப் பெண் ஒருத்தி, இரண்டு நாட்களாகத் தண்ணீரும் வயிற்றில் தங்காமல் துவண்டு கிடக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளைப் பெற்றவள் தஞ்சையிலோ இராமநாதபுரத்திலோ இருக்கிறாள். அண்டை வீட்டுப் பெரியவள், “மசக்கைதானே அம்மா, எல்லாருக்கும் வருவதுதான்” என்று ஆறுதல் சொல்கிறாள். கணவனோ, “பிள்ளைத்தாய்ச்சி மருந்து தின்னலாகாது” என்று அஞ்சுகிறான். இருவரும் அன்பினால்தான் பேசுகிறார்கள். எனினும், இவ்விரு சொற்களும் சேர்ந்து ஓர் உயிரை ஆபத்தின் விளிம்புக்குக் கொண்டு சென்றுவிடக் கூடும். முதற்சொல் சங்ககாலம்தொட்டு வருவது; இரண்டாவது 1961-ஆம் ஆண்டில் வேரூன்றியது. இவ்விரண்டின் வரலாற்றையும் ஆராய்ந்து பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

கருவுற்ற மகளிரின் வேட்கையை நம் முன்னோர் ‘வயா’ என்றும் ‘வயவு’ என்றும் வழங்கினர். நீர் சுமந்து மெல்ல ஏறும் கார்மேகத்தை, பச்சைப் புளியை விரும்பி நடக்கமாட்டாது தளர்ந்த சூல்மகளிருக்கு ஒப்பிடுகிறது குறுந்தொகைப் பாட்டு ஒன்று. பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். புறநானூற்றிலோ, சேர மன்னன் ஒருவனைப் புகழ வந்த புலவர், அவனுடைய நாட்டு மண்ணைப் பகைவர் கொண்டதில்லை என்றும், வயவுற்ற மகளிர் மட்டுமே அதனை விரும்பி உண்டனர் என்றும் நயம்படக் கூறுகிறார். கிரேக்க நாட்டு மருத்துவர் சொரானஸ் என்பவரும் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்னர் இக்குமட்டலையும் வேட்கையையும் தம் நூலில் விவரித்திருக்கிறார். ஆகவே மசக்கை இயல்பானது, பழமையானது என்பதில் ஐயமில்லை. கருவுற்ற பெண்டிர் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு அது வருகிறது. பெரும்பாலோருக்கு நான்காம் ஐந்தாம் மாதத்திற்குள் தணிந்தும் விடுகிறது.

ஆனால் நூற்றில் ஒருவர், இருவர், சிற்சில இடங்களில் மூவர் வரையில் வருகின்ற கடும் வாந்தி வேறு வகையைச் சார்ந்தது. அதில் உணவும் நீரும் தங்குவதில்லை. உடல் எடை நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்துபோகும். சிறுநீர் சுருங்கி நிறம் கறுக்கும். இரத்தத்திலுள்ள உப்புச்சத்துக்கள் நிலை குலையும். ஆங்கில நாவலாசிரியை சார்லட் பிராண்டி அம்மையார் 1855-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள், தம் 38-ஆம் வயதில், கருவுற்றிருந்த நிலையில் இறந்தார். சாவுச் சான்றிதழில் க்ஷயரோகம் என்று எழுதப்பட்டிருப்பினும், அவரை மாய்த்தது இவ்வாந்தியே என்று கருதுவோர் பலர்.

இந்நோயின் கொடுமையை முதலில் தணித்தது மாத்திரையன்று. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நரம்பின் வழியே உடலுக்குள் செலுத்தும் முறையே ஆகும். பிரிட்டனில் 1931 முதல் 1940 வரை, பத்து லட்சம் பிரசவங்களுக்கு 159 தாய்மார் இந்நோயால் மாண்டனர். 1951 முதல் 1960 வரையிலான காலத்தில் அத்தொகை மூன்றாகக் குறைந்தது. நம் நாட்டிலும் இந்த அறிவு பரவியது. 1844-இல் தொடங்கப்பெற்ற சென்னை மகப்பேறு மருத்துவமனையின் தலைமைப் பதவியை ஏற்ற முதல் இந்தியர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். அவருடைய மகப்பேற்று மருத்துவ நூல், பின்னர் டாக்டர் கிருஷ்ண மேனனின் பெயரையும் இணைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் பயிலும் பாடநூலாக விளங்கி வருகிறது.

நரம்பில் நீர் ஏற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பல நாள் உண்ணாத உடலில் தயமின் எனப்படும் ‘பி1’ வைட்டமின் வற்றியிருக்கும். அந்நிலையில் சர்க்கரை நீரை மட்டும் ஏற்றினால், எஞ்சிய சிறிதளவு தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், அறிவு தடுமாறுதல் ஆகியவை அதன் குறிகள். ஆதலின் முதலில் தயமின், பின்னரே சர்க்கரை நீர் என்பது மருத்துவர் கைக்கொள்ளும் நெறி.

இனி, இரண்டாவது அச்சத்தின் கதைக்கு வருவோம். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. மிகவும் தீங்கற்றது என்று அது விளம்பரம் செய்யப்பட்டது. கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கும் அதனைக் கொடுத்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது பரவிற்று. சில ஆண்டுகளில், கைகால்கள் குறுகியும் இன்றியும் குழந்தைகள் பிறக்கலாயின. 1961 நவம்பரில் ஜெர்மானிய டாக்டர் விடுகிண்ட் லென்ஸ் எச்சரித்தார். அடுத்த மாதமே ஆஸ்திரேலிய டாக்டர் வில்லியம் மக்பிரைடு எழுதிய கடிதம் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஊனமுற்றுவிட்டனர். கருத்தரித்த இருபதாம் நாளுக்கும் முப்பத்தாறாம் நாளுக்கும் இடைப்பட்ட சில நாட்களில் உட்கொண்ட மருந்தே இத்துணை கேடு விளைத்தது. தான் கருவுற்றிருப்பதையே சிலர் அறியாத காலம் அது!

அமெரிக்காவில் அம்மருந்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. அரசாங்க மருந்துத் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் பிரான்சிஸ் கெல்சி அம்மையார், நரம்புத் தளர்ச்சி உண்டாவதாக வந்த செய்தியைச் சுட்டிக்காட்டி, போதிய சான்று கேட்டு அசையாது நின்றார். 1962 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் கென்னடி அவருக்கு விருது அளித்துப் பெருமைப்படுத்தினார். மருந்து பயன் தரும் என்பதையும் தீங்கற்றது என்பதையும் மெய்ப்பித்த பின்னரே விற்கலாம் என்னும் சட்டம் அவ்வாண்டு அக்டோபரில் அங்கு இயற்றப்பட்டது.

இதுவரை அனைவரும் அறிந்த கதை. இதன் மறுபக்கமோ பலர் அறியாதது.

தாலிடோமைடு தோன்றுவதற்கு ஓராண்டு முன்னரே, 1956-இல், அமெரிக்காவில் பெண்டெக்டின் என்னும் மாத்திரை வந்திருந்தது. டாக்சிலமின் என்னும் ஒவ்வாமை மருந்தும், பிரிடாக்சின் எனப்படும் ‘பி6’ வைட்டமினும் அதன் உயிர்நாடி. மூன்றாவதாக இருந்த ஒரு மருந்து பயனற்றது எனக் கண்டு 1976-இல் நீக்கப்பட்டது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் அம்மாத்திரையை உட்கொண்டனர். தாலிடோமைடின் நினைவு ஆறாதிருந்த காலமாகையால், ஊனத்தோடு குழந்தை பிறந்தவிடத்து இதன்மீதும் பழி விழுந்தது. நூற்றுக்கணக்கில் வழக்குகள் தொடரப்பட்டன. ஆராய்ச்சிகள் குற்றமற்றது என்று காட்டிய போதிலும், வழக்குச் செலவைத் தாங்கமாட்டாத கம்பெனி 1983-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

அதன் விளைவு யாது? மாத்திரை மறைந்ததனால் பிறவி ஊனங்கள் குறையவில்லை. மாறாக, கடும் வாந்தியினால் மருத்துவமனையில் சேரும் பெண்களின் தொகைதான் ஏறிற்று. இன்னொரு வியப்பும் உண்டு. தாலிடோமைடைக் குறித்து எச்சரித்துப் புகழ் பெற்ற அதே டாக்டர் மக்பிரைடு, பெண்டெக்டின் வகை மருந்துக்கு எதிராகவும் சாட்சி கூறினார். ஆனால் அதனோடு தொடர்புடைய வேறொரு மருந்தைப் பற்றி 1982-இல் அவர் வெளியிட்ட முயல் ஆராய்ச்சியின் கணக்குகள் திரிக்கப்பட்டவை என்று அவருடைய உதவியாளர்களே வெளிப்படுத்தினர். 1993-இல் மருத்துவ நடுவர் மன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்து, பதிவிலிருந்து நீக்கியது. எப்பொருள் யார்யார் வாய்க் கேட்பினும் மெய்ப்பொருள் காண வேண்டும் என்று வள்ளுவர் வகுத்த நெறிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ! பழைய கலவை 2013-இல் புதிய பெயரோடு அமெரிக்க அரசின் அனுமதியை மீண்டும் பெற்றது.

இன்று மருத்துவர் கையிலுள்ள மருந்துகள் யாவை, அவற்றின் பக்கவிளைவுகள் யாவை என்பதையும் சுருங்கக் காண்போம்.

டாக்சிலமினும் பிரிடாக்சினும் சேர்ந்த மாத்திரையே பெரும்பாலும் முதலில் தரப்படுவது. நம் நாட்டிலும் அது கிடைக்கிறது. தூக்கம் வருதல், வாய் உலர்தல் ஆகியவை அதன் குறைகள். ஆகவே இரவில் உட்கொள்ளுமாறு பணிப்பர். புரோமெத்தசின் என்னும் மருந்தும் இத்தகையதே. அது தரும் தூக்கம் இன்னும் மிகுதி.

மெட்டோகுளோபிரமைடு 1960-களில் பிரான்சில் தோன்றியது. குமட்டலை அடக்குவதில் வல்லது. ஆயினும் சிலருக்குக் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்ளும், கண்கள் மேலே செருகும். இதற்கு மாற்று மருந்து உண்டு. உடனே மருத்துவரிடம் கூற வேண்டும். பொதுவாக ஐந்து நாட்களுக்கு மேல் அதனைத் தொடரலாகாது என்று ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2013-இல் வரையறுத்தது.

ஆண்டன்செட்ரான் புற்றுநோய் மருந்துகளால் உண்டாகும் வாந்திக்கென்று வந்தது. மலச்சிக்கலும் தலைவலியும் அதனால் வரும். இருதயத் துடிப்பில் கோளாறு உள்ளோரும், பொட்டாசியம் குறைந்தோரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். முதல் மூன்று மாதங்களில் உட்கொண்டால் உதடு அல்லது அண்ணம் பிளவுபட்ட குழந்தைகள் பதினாயிரத்துக்குச் சுமார் மூன்று மிகுதியாகப் பிறக்கலாம் என்று 2018-இல் வெளியான பெரும் ஆராய்ச்சி ஒன்று கண்டது. ஆதலின் முன்னைய மருந்துகள் பயன் தராதபோது, நன்மை தீமைகளை எடுத்துரைத்தே இதனைக் கொடுப்பர். எதற்கும் அடங்காத நோய்க்கு, மருத்துவமனையில் வைத்து ஸ்டீராய்டு தருவதும் உண்டு. சுக்கும் இஞ்சியும் மெல்லிய குமட்டலுக்கு உதவும். கடும் வாந்திக்கு அவை மட்டும் போதா.

நோயின் காரணம் பற்றியும் இப்பொழுது தெளிவு பிறந்திருக்கிறது. சென்ற நூற்றாண்டில், பிள்ளையை வேண்டாத மனமே வாந்தியாக வெளிப்படுகிறது என்று கூறிய மருத்துவர்கள் இருந்தனர். வாந்தியெடுக்கப் பாத்திரம்கூடத் தராமல் பெண்களைத் தனிமைப்படுத்தியதும் உண்டு. அப்பழி இன்று துடைக்கப்பட்டுவிட்டது. கருவும் நச்சுக்கொடியும் சுரக்கும் ‘ஜி.டி.எப்.15’ என்னும் சுரப்பு, தாயின் இரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்குவதே முக்கியமான காரணம் என்று மார்லினா பெய்சோ முதலிய விஞ்ஞானிகள் 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் நிறுவினர். கருவுறுமுன் அச்சுரப்பு எவள் உடலில் குறைவாக இருந்ததோ, அவளுக்கே பின்னர்த் துன்பம் மிகுதி. ஆகவே இது மனத்தின் குற்றமன்று, சோம்பலுமன்று, செல்லமுமன்று.

மீண்டும் ரங்கத்துக்கு வருவோம். அங்கும், அதுபோன்றே தொலைதூர ஊர்களில் வாழும் நம்மவர் இல்லங்களிலும், ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஒரு நாள் முழுவதும் தண்ணீர் தங்கவில்லையென்றாலோ, எட்டு மணி நேரம் சிறுநீர் கழியவில்லையென்றாலோ, எழுந்து நின்றால் மயக்கம் வந்தாலோ, வாந்தியில் இரத்தம் கண்டாலோ, அது “மசக்கைதானே” என்று தள்ளத்தக்கதன்று. பகற்பொழுதிலேயே, வண்டியும் படகும் ஓடும் நேரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். மருத்துவரிடம், “எத்தனையாவது வாரம், இதுவரை என்ன மாத்திரை உண்டேன், இருதய நோய் உண்டா இல்லையா” என்பவற்றைத் தெளிவாகக் கூறல் வேண்டும். மொழி தெரியாதவிடத்து, தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வதில் நாணம் வேண்டா. முன்பு எவருக்கோ கொடுத்த மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி உண்ணுதல் தவறு. தக்க மருத்துவர் எழுதிக் கொடுத்ததை அச்சத்தால் மறைத்து வைத்துவிடுவதும் தவறே.

தாலிடோமைடு நமக்குக் கற்பித்த பாடம், சான்று கேள் என்பது. பெண்டெக்டின் கற்பித்த பாடம், சான்று கிடைத்தபின் அதனை நம்பு என்பது. இரண்டையும் ஒருங்கே கற்றவர்களாய், பெற்றவள் அருகில் இல்லாத பெண்ணுக்கு அவளைச் சூழ்ந்துள்ள தமிழ்க் குடும்பங்களே தாய்வீடாக விளங்குதல் வேண்டும். புளியும் நெல்லிக்காயும் கொண்டுவந்து கொடுப்பது அன்பு. மூன்றாம் நாள் வரை காத்திராமல் அவளைக் கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அன்பேயாகும்.