மாலிக் சந்தல்: கணக்கரா, கட்டடக் கலைஞரா?

பீஜப்பூரின் இப்ராஹிம் ரௌசா கல்லறையின் வாசல் கல்வெட்டில் மாலிக் சந்தல் என்ற பெயர் இருக்கிறது. அரசி தாஜ் சுல்தானாவுக்காக எழும்பிய இந்தக் கட்டடத்தில் 1627இல் இறந்த அவரது கணவர் சுல்தான் இரண்டாம் இப்ராஹிம் ஆதில் ஷாவும் அடக்கமானார். கல்வெட்டு ஒன்றரை லட்சம் ஹூன் (பொற்காசு) செலவையும் சொல்வதால், சந்தல் பணத்தை மேற்பார்வையிட்ட அரண்மனை அதிகாரி மட்டுமே என்று வாதிடலாம். வலுவான வாதம்தான். ஆனால் கட்டடமே அதை மறுக்கிறது. ஜன்னல்களில் அரபு எழுத்துகளே கல் சல்லடையாக நிற்கின்றன. எழுத்துகளுக்கு இடையே குடைந்த வெளியில்தான் வெளிச்சம் உள்ளே வருகிறது. கல்லைப் பதித்தபின் ஒட்டிய அலங்காரம் அல்ல இது. எந்த வாசகம், எந்த அளவு, எந்த ஜன்னல் என்பதை முன்பே ஒருவர் தீர்மானித்திருக்க வேண்டும். உள்ளறைக் கூரை இன்னும் வியப்பானது: சுமார் நாற்பது அடிச் சதுர அறையில், சுவர்களிலிருந்து வளைந்து நீளும் கல் விளிம்பு நடுவிலுள்ள தட்டையான கூரையைத் தாங்குகிறது. அந்தத் துணிச்சல் கணக்குப் புத்தகத்திலிருந்து பிறக்காது.

உளி பிடித்தவர்கள் வேறு பலர் அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், அவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்காதது பெரும் இழப்பு. ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சனைச் சொல்கிறது. அவரே எல்லாக் கல்லையும் செதுக்கினார் என்று யாரும் கருதுவதில்லை. பெருந்தச்சனுக்குத் தரும் இடத்தைச் சந்தலுக்கு மறுக்க நியாயமில்லை.