கோஸ் மது: அரிக்கமேட்டுக்கு வந்த மலிவான ஒயின்

கோஸ் மது என்பது ஏஜியன் கடலில் உள்ள கோஸ் என்னும் கிரேக்கத் தீவின் பெயரால் வழங்கிய, கடல்நீர் கலந்த திராட்சை மதுவாகும். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் இவ்வகை மது வந்த சாடிகளின் உடைசல்கள் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. சங்கப் பாடல் போற்றும் யவன மதுவை விலையுயர்ந்த பொருளாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். இந்தச் சாடிகளோ, மத்தியதரைக் கடல் நாடுகளில் எளியோரும் வாங்கிய மது தமிழ்க் கரைக்கு வந்ததைக் காட்டுகின்றன.

அகழாய்வு

அரிக்கமேடு, நெய்வேலி நகரியத்துக்கு வடகிழக்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் உள்ளது. நெய்வேலியில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தென்பட்ட அதே 1930களில், அரிக்கமேட்டின் தொன்மையைப் பிரெஞ்சு அறிஞர் ஜூவோ துப்ராய் கவனத்துக்குக் கொண்டுவந்தார். மார்ட்டிமர் வீலர் 1945இலும், கசால் 1947–50இலும், விமலா பெக்லி 1989–92இலும் இங்கு அகழாய்வு செய்தனர். ஆம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகளை எலிசபெத் லைடிங் வில் வகைப்படுத்தி ஆராய்ந்தார். மதுச் சாடிகளில் கோஸ் வகை மிகுதியாக இருந்தது. எண்ணெய்ச் சாடிகளும் மீன்சாறு வந்த சாடிகளும் உடன் கிடைத்தன.

கோஸ் வகைச் சாடியை அதன் கைப்பிடியே காட்டிக்கொடுக்கும். இரண்டு களிமண் உருளைகளை ஒட்டவைத்தது போன்ற இரட்டைக் கைப்பிடி அது. சாடியின் அடி கூம்பி இருப்பதால் கப்பலில் வரிசை வரிசையாக அடுக்குவது எளிது. மது கசியாதிருக்க உட்புறம் மரப்பிசின் பூசப்படும்.

ஏன் கடல்நீர்?

ரோமானிய எழுத்தாளர் பிளினி இதற்கு ஒரு கதை சொல்கிறார். கொடுக்க வேண்டிய அளவை நிரப்புவதற்காக ஓர் அடிமை மதுவில் கடல்நீரை ஊற்றினான்; அந்த ஏமாற்று வேலையே பிறகு வழக்கமாயிற்று. வெள்ளைத் திராட்சைச் சாற்றில் அவ்வாறு செய்தது 'லூக்கோகோவும்', அதாவது 'வெள்ளைக் கோஸ்', எனப்பட்டது. கதை எப்படியிருந்தாலும், உப்பு மது கெடுவதைத் தாமதப்படுத்தும்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே கேட்டோ, இத்தாலியில் கோஸ் மது தயாரிக்கும் முறையைத் தம் வேளாண் நூலில் எழுதினார். ஆக, கோஸ் என்பது ஊர்ப்பெயராக மட்டும் நிற்காமல் ஒரு தயாரிப்பு முறையின் பெயராகவும் ஆகிவிட்டது. கோஸ் வகைச் சாடியில் வந்ததெல்லாம் கோஸ் தீவில் விளைந்தது என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். ஓட்டை மட்டும் வைத்து உள்ளே இருந்த மதுவின் நிறத்தையும் உறுதி செய்ய இயலாது. வெள்ளை வகை பெயர்பெற்றிருந்தது என்பது இலக்கியச் சான்று.

செல்வர்கள் தேடியது காம்பானியா பகுதியின் ஃபலேர்னியன் மதுவை. கோஸ் மது சாதாரண உணவோடு சேர்ந்தது. மலச்சிக்கலுக்கு மலிவான சிப்பி வகைகளையும் கீரையையும் உண்டு, உடன் வெள்ளைக் கோஸ் அருந்த வேண்டும் என்ற குறிப்பு கவிஞர் ஹோரஸின் அங்கதப் பாடல் ஒன்றில் வருகிறது.

வாங்குவோரின் தெரிவு

செங்கடல் துறைகளிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றைப் பயன்படுத்தி இந்தியாவை அடைந்தன. செங்கடலின் தென்வாயிலில் உள்ள ஒசெலிஸிலிருந்து முசிறிக்கு 40 நாள் பயணம் என்கிறார் பிளினி. அதற்கு முன்பே எகிப்தின் நைல் ஆற்றிலும் பாலைவனத்திலும் சரக்கு பயணப்பட்டிருக்கும். இவ்வளவு வெப்பத்தையும் குலுக்கலையும் தாங்கும் மதுவே வணிகருக்கு ஏற்றது. சுவையில் சிறந்ததை விட, கெடாமல் வந்து சேர்வதே முக்கியம்.

வாங்குவோருக்கும் விருப்பம் இருந்தது. கி.பி. 1ஆம் நூற்றாண்டின் 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்', குசராத்தின் பாருகச்சத் துறையில் இத்தாலிய மதுவுக்கு முதலிடம் என்றும், லவோதிக்கிய மதுவும் அரேபிய மதுவும் அங்கு விலைபோயின என்றும் குறிப்பிடுகிறது. முசிறியில் மது இறக்குமதி அதிகமில்லை என்றும் அதே நூல் சொல்கிறது.

தமிழகத்தில் அருந்தியவர்கள்

இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாடல், யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர மன்னன் மகிழ்ந்திருக்குமாறு வாழ்த்துகிறது. அது எந்த வகை மது என்று பாடல் சொல்வதில்லை. துறைமுகத்தில் குவிந்த ஓடுகளோ, அங்கே தங்கிய வணிகரும் மாலுமிகளும் தம் உணவோடு அதை அருந்தியிருக்கலாம் என்று எண்ண இடம் தருகின்றன.

இதே வடதமிழகக் கடற்பகுதியைக் காட்டும் பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியினர் அரிசிக் கூழில் முளைநெல் சேர்த்துப் புளிக்கவைத்து வடித்த மதுவைச் சுட்ட மீனோடு விருந்தினருக்குத் தருகின்றனர். ரோமில் சிப்பியோடு வெள்ளைக் கோஸ். இங்கே மீனோடு அரிசி மது. இரண்டிலும் அந்தந்த மண்ணில் எளிதில் கிடைத்ததே உணவுக்குத் துணையாயிற்று. தமிழகத்தில் திராட்சை மதுவுக்கு ஏற்பட்ட மதிப்பு, அதன் தரத்தால் மட்டும் வந்ததன்று. கடந்து வந்த தூரமும் அதற்கு விலை சேர்த்தது.

இன்று காண

அரிக்கமேடு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மேட்டில் பார்ப்பதற்கு அதிகமில்லை. அங்கு கிடைத்த பொருட்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம். நெய்வேலி மாணவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம்.