இருதயம் மாற்றிய வண்டிகள்

வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொன்ன கதைகளில், தலை மாறிய இருவரின் கதை பலருக்கும் நினைவிருக்கும். ஒருவன் தலை மற்றவன் உடலில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இனி அந்தப் பெண்ணுக்கு யார் கணவன்? உறுப்புகளில் தலையே பிரதானம். ஆகவே கணவனின் தலை எந்த உடலில் இருக்கிறதோ அவனே கணவன் என்று அரசன் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான்.

நல்ல வேளையாக வேதாளம் மோட்டார் கார்களைப் பற்றிக் கேட்கவில்லை. பழைய வண்டி ஒன்றின் இஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு இஞ்சினைப் பொருத்தினால், அதற்குப் பிறகு அது எந்த வண்டி? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். தேய்ந்த இஞ்சினைப் புதுப்பிப்பதா, மாற்றிவிடுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர்களுக்கு அதில் வேடிக்கை ஒன்றுமில்லை. எனக்கு அந்த நிலை வந்தபோது, பட்டறைகளில் கேட்ட யோசனைகளைவிட நம் நாட்டுக் கார்களின் சரித்திரமே அதிகமாகக் கைகொடுத்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1942-ல் பிர்லா குடும்பத்தார் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், சுதந்திரத்துக்குப் பிறகு வங்காளத்தில் உத்தர்பாராவில் நிலைகொண்டது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி முதலில் லாண்ட்மாஸ்டர் என்றும், 1957-ல் அம்பாஸிடர் என்றும் வண்டிகளை அது வெளியிட்டது. இங்கிலாந்தில் அந்த உடலுக்குள் இருந்தது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, வால்வுகள் தலைக்கு மேலே அமைந்த புதிய இஞ்சின். நம்மிடம் வந்த வண்டியிலோ அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த 1476 கன சென்டிமீட்டர் இஞ்சின். அதில் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்தன. காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவி ஒரு மூலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டும். எரிந்த புகையும் அப்படியே வெளியே வர வேண்டும். வாசலைத் தெருவில் வைக்காமல் சந்தில் வைத்த வீட்டைப் போல! 1959-ல் அந்த இஞ்சினை எடுத்துவிட்டுத் தலைமேல் வால்வுள்ள 1489-ஐப் பொருத்தினார்கள். எந்த இஞ்சினை மனத்தில் வைத்து அந்த உடலை வரைந்தார்களோ, அதுவே தாமதமாக வந்து சேர்ந்தது. பிறகு பல பத்தாண்டுகள் அந்த ஜோடி பிரியாமல் ஓடியதில் ஆச்சரியம் என்ன?

இனி பொருந்தாத ஜோடிகளைப் பார்ப்போம். 1984-ல் அதே கம்பெனி காண்டெஸ்ஸா என்ற நீண்ட, கம்பீரமான காரைக் கொண்டுவந்தது. உடல் இங்கிலாந்தின் வாக்ஸால் வழியில் வந்தது. உள்ளே வைத்ததோ அம்பாஸிடரின் அதே 1489! ராஜபார்ட் வேஷம் கட்டிய நடிகருக்குக் குரல் எழும்பாவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அந்த வண்டி. ஜப்பானின் இஸூஸு 1.8 லிட்டர் இஞ்சினைப் பிற்பாடு பொருத்திய பிறகுதான் அதற்குக் குரல் வந்தது.

நம் சென்னைக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பங்கு உண்டு. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி, 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை வெளியிட்டது. அதன் உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. அது 1976-ல் மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர் இஞ்சினுடன் அறிமுகமாகி, மறு வருஷமே ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு பெற்ற உடல். சென்னையில் அதற்குள் வைத்தது, 1940-களின் கடைசியில் வந்த வான்கார்டு காரின் வம்சத்தைச் சேர்ந்த 1991 கன சென்டிமீட்டர் இஞ்சின். அந்த வம்சத்து உறவினர்கள் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழைத்தவர்கள். உழைப்பாளிதான், குற்றமில்லை. ஆனால் பந்தயக் குதிரையின் தோலைப் போர்த்தியதற்காக வண்டி மாடு ஓடிவிடுமா? விலையைக் கொடுத்தவர்கள் வேகத்தைத் தேடி ஏமாந்தார்கள். சில வருஷங்களுக்குள் அந்தக் காரும் நின்றது. சென்னையில் கார் செய்துவந்த அந்தக் கம்பெனியின் கதையும் முடிந்தது.

1992-ல் அம்பாஸிடருக்கே இஸூஸு 1.8 லிட்டர் இஞ்சின் வந்தது. பலம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அந்த மாற்றம் பலித்ததற்குக் காரணம், இஞ்சின் தனியாக வரவில்லை. ஐந்து கியர் கொண்ட புதிய கியர்பாக்ஸும் கூடவே வந்தது. மருமகள் சீர்வரிசையோடு வந்த மாதிரி!

எங்கள் வீட்டு வண்டி 1966-ம் வருஷத்து அம்பாஸிடர், மார்க் டூ. தகப்பனார் வாங்கியது. நீலப் புகை கக்கியது, எண்ணெய் குடித்தது, மேட்டில் ஏற மூச்சு வாங்கியது. இளைஞரான ஒரு மெக்கானிக், "ஐயா, இதோட ஏன் மல்லுக்கட்டணும்? ஜப்பான் டீசல் இஞ்சின் ஒண்ணு கைவசம் இருக்கு. போட்டுட்டா பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் டீசல் இஞ்சினின் கனம் முன் ஸ்பிரிங்குகளின் மேல் விழும். நாலு சக்கரத்திலும் இருப்பவை பழைய டிரம் பிரேக்குகள். இஞ்சின் உட்காரும் இடத்தை வெட்டி ஒட்ட வேண்டும். ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர்க் கம்பியை விட்டுவிட வேண்டும். ஒன்றை மாற்றினால் நாலை மாற்ற வேண்டும். வெட்டிய தகடு மறுபடி பழைய தகடாகாது.

லேத் பட்டறையில் சிலிண்டரை அளந்தார்கள். புதிதில் அதன் விட்டம் 73 மில்லிமீட்டர். தேய்ந்த சுவரைக் கடைந்து சற்றே பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு வரையில் அப்படிக் கடையலாம். எங்கள் வண்டியில் முன்பே இரண்டு முறை கடைந்து, அந்த எல்லையைத் தொட்டாகிவிட்டது. நான் சோர்ந்துபோனேன். அந்தப் பட்டறையின் பெரியவர் அலட்டிக்கொள்ளவில்லை. "பிளாக்கு கெட்டியா இருக்கு. ஸ்லீவ் இறக்கிடலாம்யா" என்றார். தேய்ந்த சுவருக்குள் புதிய இரும்புக் குழல் ஒன்றை இறுக்கமாக இறக்கி, மறுபடி பழைய அளவுக்கே கடைவது. கிராங்கைச் சாணை பிடித்துப் புதிய பேரிங், புதிய வால்வு. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றுபோனதால், ஈயத்தின் காப்பை நம்பியிருந்த வால்வு இருக்கைகளுக்குக் கெட்டியான வளையங்கள் பொருத்த வேண்டும். புதுப்பிப்பதிலும் சிறிது மாற்றம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் அது அதே ஜோடி. புதுப்பிக்கவே சொன்னேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். பதிவுப் புத்தகத்தில் சேஸிஸ் எண்ணும் இருக்கிறது, இஞ்சின் எண்ணும் இருக்கிறது. இஞ்சினை மாற்றினால் அதிகாரியிடம் தெரிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் விற்கும்போதும் விபத்தின்போதும் வம்பு. 2021-ல் மத்திய சர்க்கார் வகுத்த விதி ஐம்பது வயது கடந்த வண்டிகளை 'விண்டேஜ்' என்று அங்கீகரிக்கிறது. ஆனால் உடலிலோ இஞ்சினிலோ பெரிய மாறுதல் செய்யாமல் அசல் உருவில் காத்தவற்றுக்கு மட்டுமே அந்த மரியாதை. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாற்றியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் டாக்ஸிக்காரர்கள் பலர் அம்பாஸிடருக்கு டீசல் இஞ்சின் பொருத்தினார்கள். அவர்களுக்கு வண்டி பழம்பொருள் அல்ல, அன்றாடச் சோறு. மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் குழந்தையின் பள்ளிச் சம்பளம். அவர்கள் செய்தது சரியே. வண்டி எதற்காக இருக்கிறது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். பிளாக்கில் விரிசல் இல்லையா, கடைய இடமோ ஸ்லீவ் இறக்கச் சுவரோ இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது அடுத்த வேலை. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கியர்பாக்ஸையும் பிரேக்கையும் கூடவே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய இஞ்சினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாஸிடர் தயாரிப்பு நின்றுவிட்டது. எடைக்குப் போன பிளாக் இனி எந்த உலையிலிருந்தும் திரும்பி வராது.