விற்பனை வரிக் கணக்குகள்

பொருளின் விலை, வரி விகிதம், வரித் தொகை, பில் தொகை ஆகிய நான்கில் இரண்டைக் கொடுத்து மற்றவற்றைக் கேட்கும் சதவீதக் கணக்கே விற்பனை வரிக் கணக்கு. இந்தியாவில் பொது விற்பனை வரி முதலில் வந்தது சென்னை மாகாணத்தில்தான். 1939-இல் ராஜாஜி ஆட்சி அதைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரியும் (வாட்), 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரியும் (ஜிஎஸ்டி) நடைமுறைக்கு வந்தன. பெட்ரோல், டீசல், மது போன்றவை பழையபடி ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கின்றன. எட்டாம் வகுப்புப் பாடநூலில் ‘வாழ்வியல் கணிதம்’ என்ற இயலில் இவ்வகைக் கணக்குகள் வருகின்றன.

நேர்க்கணக்கில் சிக்கல் இல்லை. வரிக்கு முன் ரூ.4,000 விலையுள்ள மிக்சிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.720, பில் தொகை ரூ.4,720. தமிழ்நாட்டுக் கடையில் தமிழ்நாட்டுக்காரர் வாங்கினால் அந்த ரூ.720 மத்திய வரி 360, மாநில வரி 360 எனப் பாதிப் பாதியாகப் பில்லில் இருக்கும்.

தடுமாற்றம் மறுதலைக் கணக்கில் வருகிறது. “வரி உட்பட ரூ.4,720, வரி எவ்வளவு?” என்று கேட்டால் பலரும் 4,720-க்கே 18 சதவீதம் பார்த்து ரூ.849.60 என்பார்கள். இங்கே நூறு என்பது வரிக்கு முந்தைய விலை. கையில் இருப்பதோ 118. ஆகவே 4,720-ஐ 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்க வேண்டும், விடை ரூ.720. 5 சதவீத வரிக்கு இது இன்னும் எளிது: 105-இல் 5 என்பது 21-இல் ஒரு பங்கு. ஓட்டல் பில் வரியோடு ரூ.441 என்றால் 21-ஆல் வகுத்தால் போதும், வரி ரூ.21, சாப்பாட்டு விலை ரூ.420. அதிகபட்ச சில்லறை விலை (எம்ஆர்பி) அச்சிட்ட பொருளுக்கும் இதே வழிதான். அந்த விலையில் எல்லா வரியும் அடங்கிவிட்டதால் அதன் மேல் வரி கூட்டக் கூடாது.

தள்ளுபடி சேர்ந்தால் வரிசை முக்கியமாகிறது. மிக்சிக்கு 10 சதவீதத் தள்ளுபடி என்றால், 18-இல் 10 போக 8 சதவீதம் கூட்டி ரூ.4,320 என்பது தவறு. 4,000-இல் 400 கழித்து, 3,600-க்கு வரி ரூ.648 சேர்த்தால் ரூ.4,248. தள்ளுபடியைக் கடைசியில் கழித்தாலும், அதாவது 4,720-இல் 10 சதவீதம் குறைத்தாலும், அதே ரூ.4,248 வருவது பெருக்கலின் இயல்பு. ஆனால் தள்ளுபடி சதவீதமாக இல்லாமல் ‘ரூ.400 குறைவு’ என்றிருந்தால் இந்தச் சமம் உடைகிறது: முன்னால் கழித்தால் ரூ.4,248, பின்னால் கழித்தால் ரூ.4,320. விற்கும்போதே பில்லில் காட்டிய தள்ளுபடிக்கு வரி இல்லை என்பதே ஜிஎஸ்டி சட்டத்தின் நிலை. முதல் வழிதான் அதற்குப் பொருந்தும்.

விகிதம் மாறும்போது வரும் கணக்கு பாடநூல்களில் குறைவு. கடைத்தெருவில் இதற்குத்தான் அதிகத் தேவை. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. உடனே விலை 10 சதவீதம் குறையும் என்று பேச்சு. வரிக்கு முன் ரூ.30,000 உள்ள ஏசி, ரூ.38,400-லிருந்து ரூ.35,400 ஆனது. மிச்சமான ரூ.3,000 பழைய பில் தொகையில் சுமார் 7.8 சதவீதம்தான், வரிக்கு முந்தைய விலையோடு ஒப்பிட்டால் மட்டுமே அது 10.